வர்த்தகக் கல்லூரியும் கணக்கு வித்தையும்

பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிவுகள் வெளியானதும், தமிழ்நாட்டுக் கலைக் கல்லூரிகளுக்கு வந்து குவியும் விண்ணப்பங்களில் எந்தப் பாடத்துக்கு வருவன அதிகம் என்று விசாரித்தால், வர்த்தகப் பாடத்துக்கே என்ற விடை இப்போதெல்லாம் பல ஊர்களிலிருந்தும் கிடைக்கின்றது. பௌதிகத்துக்கும் கணிதத்துக்கும் இடங்கள் நிரம்பாமல் கிடக்கும் கல்லூரிகளிற்கூட பி.காம். வகுப்பில் ஓர் இடத்துக்காகப் பெற்றோர் அலைகின்றனர். ஒரு தலைமுறைக்கு முன் எஞ்சினீயரிங் கல்லூரியை நாடிய குடும்பங்கள் இன்று கணக்குப் பதிவியலை நாடுகின்றன. இது நல்லதா, கெட்டதா என்று ஒரே சொல்லில் தீர்ப்புக் கூறுவது எளிதன்று. இத்தனை ஆயிரம் வாலிபரும் பெண்மக்களும் எதன் பொருட்டு இவ்வித்தையைக் கற்கின்றனர், கற்றபின் இவர்களுக்குத் திறக்கும் கதவு எது, திறவாமல் நிற்கும் கதவு எது என்பவற்றை ஆராய்ந்த பின்னரே அது பற்றி அபிப்பிராயம் கூற இயலும்.

வர்த்தகக் கல்வி நமது ராஜதானியில் நேற்றுத் தோன்றியதன்று. பச்சையப்பன் தர்மத்தின் பரிபாலகர்கள் 1886-ம் வருஷத்தில் சென்னையில் ஒரு வர்த்தகப் பள்ளியை நிறுவினர். இந்தியாவில் முறைப்படியான வர்த்தகக் கல்விக்கு இதையே தொடக்கமாகக் கூறுவது வழக்கம். பின்னர் 1913-ல் பம்பாயில் சைடன்ஹாம் கல்லூரி ஏற்பட்டது. சர்வகலாசாலைப் பட்டத்துக்கு உரிய பாடமாக வர்த்தகம் உயர்ந்தது அதன் மூலமேயாகும். டாக்டர் அம்பேத்கர் 1918 முதல் இரண்டாண்டு பொருளாதாரம் போதித்தது இக்கல்லூரியிலேதான்.

ஆயினும், இப்பள்ளிகளும் கல்லூரிகளும் யாருக்கு வேண்டியிருந்தன என்பதை மறந்துவிடலாகாது. துறைமுகத்தில் இறங்கிய அந்நிய வர்த்தக ஸ்தாபனங்களுக்கும், ரயில்வேக் கம்பெனிகளுக்கும், சர்க்கார் காரியாலயங்களுக்கும் ஆங்கிலத்தில் கடிதம் எழுதவும், சுருக்கெழுத்தில் குறித்துக்கொள்ளவும், பேரேட்டில் பதியவும் ஆட்கள் தேவைப்பட்டனர். அவர்களைச் சீமையிலிருந்து வரவழைத்தால் செலவு அதிகம்; இங்கேயே தயாரித்தால் செலவு குறைவு. ஆகவே ஆரம்பத்தில் வர்த்தகக் கல்வி என்பது குமாஸ்தாக் கல்வியாகவே இருந்தது. ஊருக்கு ஊர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுகள் தோன்றியதும் இக்காரணத்தாலேயே. இன்றும் நமது தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் தட்டெழுத்து, சுருக்கெழுத்து ஆகியவற்றோடு கணக்கியலிலும் பரீட்சை நடத்திச் சான்று வழங்கி வருகின்றது. அச்சான்றைக் கொண்டு பிழைத்த குடும்பங்கள் பல்லாயிரம். அதை நாம் இகழவில்லை. ஆனால் கடிதம் எழுதுபவன் வேறு, கணக்கைப் பார்த்து இது மெய், இது பொய் என்று கையொப்பமிடுபவன் வேறு. முதல்வகைக் கல்வி நமக்குத் தாராளமாகக் கிடைத்தது. இரண்டாவது வகை நமக்கு வெகுகாலம் மறுக்கப்பட்டு வந்தது.

கணக்கு வித்தை வெள்ளைக்காரர் நமக்குக் கற்றுக் கொடுத்தது என்று எண்ணுவோரும் உளர். இரட்டைப் பதிவு முறையை 1494-ல் வெனிஸ் நகரில் அச்சான நூலொன்றில் லூக்கா பசியோலி என்ற பாதிரியார் விவரித்தார் என்பது மெய். ஆனால் நமது தமிழ் வணிகர் கணக்கு எழுத எந்தக் கலாசாலைக்கும் செல்லவில்லை. நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மா, மலேயா, இலங்கை முதலிய நாடுகளில் கடை நடத்திய காலத்தில், பெட்டியடிப் பையனாகச் சேரும் சிறுவன் பணப்பெட்டியண்டை அமர்ந்து எடுபிடி வேலை செய்துகொண்டே வட்டிக் கணக்கை வாய்ப்பாடமாகக் கற்றான். பிறகு அடுத்தாள் ஆனான், மேலாள் ஆனான். திறமை மிக்கவன் கடல் கடந்த ஊரில் முதலாளியின் மூலதனம் முழுவதையும் ஏற்று நடத்தும் ஏஜெண்டாகவும் ஆனான். குறிப்பு, பேரேடு, ஐந்தொகை என்ற சொற்கள் அக்கடைகளில் தினமும் புழங்கியவை. தூர தேசத்தில் ஏஜெண்டு செய்த வரவு செலவைச் செட்டிநாட்டில் அமர்ந்திருந்த முதலாளி ஐந்தொகையைக் கொண்டே அறிந்தார். ஒருவரையொருவர் வருஷக் கணக்கில் நேரிற் காணாமலே இலட்சக்கணக்கான ரூபாயை நம்பி ஒப்படைக்க முடிந்ததென்றால், அந்நம்பிக்கையைத் தாங்கி நின்றது கணக்கு.

ஆனால் பழமையைப் போற்றும் ஆர்வத்தில் அதன் குறையை மறைப்பது நியாயமாகாது. பெட்டியடி முறை ஒரு குலத்தாருக்கும், அவர்களைச் சார்ந்தோருக்கும் மட்டுமே திறந்திருந்தது. உழவன் மகனோ, நெசவாளி மகனோ, எந்தக் குலத்துப் பெண்ணோ அங்கே சென்று அமர இயலாது. மேலும் அக்கணக்கு முதலாளியின் கண்ணுக்கு மட்டும் உரியதாக இருந்தது. தன் பணத்தைத் தானே கொடுத்துத் தானே கணக்குப் பார்க்கும் வரையில் அது போதும். முன்பின் அறியாத ஆயிரம் பேருடைய பணம் ஓரிடத்தில் சேரும்போது அது போதாது.

அது போதாது என்பதைச் சென்னை நகரம் பெருநஷ்டத்தோடு கற்றுக் கொண்டது. 1906-ம் வருஷம் அக்டோபர் 22-ந் தேதி ஆர்பத்நாட் கம்பெனி பணம் கொடுப்பதை நிறுத்திவிட்டது. அக்காலத்தில் தென்னிந்தியாவில் அதனினும் பெரிய பெயர் பெற்ற ஸ்தாபனங்கள் சிலவே. உத்தியோகத்திலிருந்து விலகியோர், விதவைகள், மிராசுதார்கள், கோயில் தர்மங்கள் எனப் பலரும் அதில் பணம் போட்டிருந்தனர். துரைமார் நடத்தும் கம்பெனி என்ற ஒரே நம்பிக்கைதான் அவர்களுக்கு இருந்த பிணை. உள்ளேயிருந்த கணக்கை அவர்களில் எவரும் கண்டதில்லை. அவர்கள் சார்பில் கண்டு சொல்லவும் ஒருவர் இல்லை. கம்பெனியின் தலைவர் ஸர் ஜார்ஜ் ஆர்பத்நாட் பின்னர் விசாரணைக்குட்பட்டுச் சிறைத்தண்டனை அடைந்தார். ஆனால் சிறைத்தண்டனையால் போன பணம் திரும்பி வருவதில்லை. வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோர் முன்னின்று முயன்றதன் பயனாக 1907-ல் இந்தியன் பாங்கு தோன்றியது இவ்வீழ்ச்சியை அடுத்தே என்பதைத் தமிழ்நாட்டார் மறவார்.

இதிலிருந்து பெறத்தக்க பாடம் ஒன்றுண்டு. கூட்டு மூலதனத்தில் நடக்கும் எந்த ஸ்தாபனத்திலும், அறையினுள் இருந்து காரியம் பார்ப்போர் சிலர். வெளியே இருந்து பணம் கொடுத்தோர் பலர். அந்தப் பலருக்காக அறையினுள் சென்று பார்க்கும் கண்ணே தணிக்கையாளரின் கண். ஆகவே, அக்கண் யாருடையதாக இருக்கவேண்டும், அதை நியமிப்பவர் யார், அதற்குத் தகுதி வகுப்பவர் யார் என்பவை ராஜீய விஷயங்களேயாகும். வோட்டு யாருக்கு என்ற கேள்விக்கு இவை சற்றும் தாழ்ந்தவையல்ல.

அந்நிய ஆட்சியில் இக்கேள்விக்குக் கிடைத்த விடையைச் சட்ட சரித்திரத்தில் காணலாம். 1913-ம் வருஷத்து இந்தியக் கம்பெனிச் சட்டம்தான் முதன்முதலாகத் தணிக்கையாளருக்குத் தகுதி வேண்டும் என்று விதித்தது. விதித்தது நல்லதே. ஆனால் இங்கிலாந்தில் உள்ள கணக்கர் சங்கங்களின் உறுப்பினருக்கு அங்கீகாரம் எளிதாக இருந்தது. இந்நாட்டார் சர்க்காரிடம் சான்று பெற்றாக வேண்டும். சீமை சென்று படிக்க வசதியுள்ள இந்தியர் எத்தனை பேர்? 1918-ல் பம்பாயில் சர்க்கார் கணக்கியல் டிப்ளமா ஏற்பட்ட பிறகே, அனுபவமுள்ள ஒரு கணக்கரிடம் மூன்று வருஷம் பயிற்சி பெற்று, இந்நாட்டிலேயே பரீட்சையெழுதி, இத்தொழிலில் பிரவேசிக்க ஒரு வழி பிறந்தது. 1932-ல் இந்தியக் கணக்கியல் போர்டு அமைந்தது. அதுவும் சர்க்காருக்கு யோசனை கூறும் சபையேயன்றித் தன்னாட்சி பெற்ற சபையன்று. தொழிலைத் தொழிலாளரே நடத்திக்கொள்ளும் உரிமை 1949-ம் வருஷச் சட்டத்தால் கிடைத்தது. அவ்வருஷம் ஜூலை 1-ந் தேதி அச்சட்டம் அமுலுக்கு வந்து, இந்தியப் பட்டயக் கணக்கர் கழகம் உதயமாயிற்று. நமது அரசியலமைப்பே அமுலுக்கு வருமுன், சுதந்திர இந்தியா இதற்கென ஒரு சட்டம் இயற்றியது என்பது, அந்நாளைய தலைவர்கள் இவ்விஷயத்தின் முக்கியத்தை உணர்ந்திருந்தனர் என்பதற்குப் போதிய சாட்சி.

இந்தக் கதவைத் தட்டியவர்களுள் தமிழ்ப் பெண்மணி ஒருவரின் வரலாற்றை ஒவ்வொரு வர்த்தகக் கல்லூரியிலும் முதல்நாள் வகுப்பில் எடுத்துச் சொல்ல வேண்டும். ஸ்ரீமதி ஆர். சிவபோகம் 1907-ல் பிறந்தவர். சென்னை ராணி மேரிக் கல்லூரியில் பயின்றவர். தேசீய இயக்கத்தில் ஈடுபட்டு வேலூர்ச் சிறையில் ஒரு வருஷம் கழித்தார். சிறையிலிருந்து மீண்ட அவர் தேர்ந்தெடுத்த தொழில் கணக்குத் தணிக்கை. 1933-ல் சர்க்கார் கணக்கியல் டிப்ளமாப் பரீட்சையில் தேறினார். இந்தியப் பெண்களில் அவரே முதல்வர். ஆனால் சிறை சென்றோர் தணிக்கையாளராகப் பதிவு பெறலாகாது என்று ஒரு தடை குறுக்கிட்டது. தேசத்துக்காகச் சிறை சென்றது நாணயக் குறைவுக்கு அடையாளமாம்! அவர் அதை எதிர்த்து நியாய ஸ்தலத்தில் வழக்காடி வெற்றி பெற்று, 1937-ல் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். பிற்காலத்தில், 1955 முதல் 1958 வரை, பட்டயக் கணக்கர் கழகத்தின் தென்னிந்தியப் பிராந்தியக் கவுன்சிலுக்குத் தலைமை வகித்தார். கதவு தானாகத் திறப்பதில்லை, தட்டினால்தான் திறக்கும் என்பதற்கு இவ்வம்மையாரின் வாழ்க்கையை விட வேறு உதாரணம் வேண்டுவதில்லை. இன்று வர்த்தக வகுப்புகளில் திரளாக அமர்ந்திருக்கும் பெண்மக்கள் அவர் திறந்த வழியே வந்தவர்கள்.

இனி, இன்றைய நிலைக்கு வருவோம். அந்நியர் போட்ட தாழ்ப்பாள் அகன்றது. ஆனால் மற்றொரு தாழ்ப்பாள் இன்னும் இருக்கின்றது. அது பாஷைத் தாழ்ப்பாள். தமிழ்நாட்டுப் பள்ளியில் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புகளில் ஒரு மாணாக்கன் கணக்குப் பதிவியலையும் வணிகவியலையும் தமிழிலேயே கற்கலாம். அதற்கெனச் சர்க்காரே பாடநூல்கள் வெளியிட்டிருக்கின்றனர். பற்று, வரவு, குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு, தேய்மானம், இருப்புநிலைக் குறிப்பு என எல்லாவற்றுக்கும் தமிழ்ச் சொல் உண்டு. அவற்றில் சில நமது கடைவீதிகளில் வழிவழியாக வழங்கியவை. அம்மாணாக்கன் நூற்றுக்கு நூறு பெற்றுத் தேறிப் பட்டயக் கணக்கராக விரும்பினால், பரீட்சையை இரண்டே பாஷைகளில் எழுதலாம் என்று விதி கூறுகின்றது. ஒன்று ஆங்கிலம், மற்றொன்று ஹிந்தி. காசியில் படித்த பையன் தன் தாய்மொழியில் விடை எழுதலாம். காரைக்குடியில் படித்த பையன் எழுதலாகாது. செட்டிநாட்டுக் கடைகளின் ஐந்தொகை எந்தப் பாஷையில் எழுதப்பட்டதோ, அந்தப் பாஷைக்குக் கணக்குப் பரீட்சையில் இடமில்லை என்பது விசித்திரத்திலும் விசித்திரம்.

இதற்குக் கூறப்படும் சமாதானங்களை ஒவ்வொன்றாகப் பரிசீலிப்போம். கம்பெனிச் சட்டமும், வரிச் சட்டங்களும், கணக்கியல் தரவிதிகளும் ஆங்கிலத்தில் இருக்கின்றன, ஆகவே கணக்கருக்கு ஆங்கிலம் இன்றியமையாதது என்பது முதலாவது. மெய், நாமும் மறுக்கவில்லை. ஆங்கிலம் வேண்டுமாயின் ஆங்கிலத்தை ஒரு தனிப் பாடமாக வைத்துத் தேறும்படி விதிக்கட்டும். கணக்கறிவைச் சோதிக்கும் பரீட்சையில் பாஷையறிவைச் சோதிப்பது எதற்காக? அன்றியும், ஹிந்தியில் விடை எழுதித் தேறியவருக்கு அச்சட்டங்கள் ஹிந்தியில் மட்டும் தாமாகவே விளங்கிவிடுகின்றனவா? ஹிந்திக்கு ஒவ்வாத வாதம் தமிழுக்கு மட்டும் ஒவ்வுவதெப்படி?

பல பாஷைகளில் பரீட்சை நடத்துவது சாத்தியமன்று என்பது இரண்டாவது சமாதானம். இந்தியாவின் மிக உயர்ந்த உத்தியோகங்களுக்கு ஆள் தெரிந்தெடுக்கும் மத்திய தேர்வாணைக் குழு, தனது முதன்மைத் தேர்வில் அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் கண்ட பாஷைகளில் விடையெழுத அனுமதிக்கின்றது. வைத்தியக் கல்லூரிக்கான நீட் பரீட்சையைத் தமிழ்நாடு எதிர்ப்பது வேறு விஷயம். அதன் வினாத்தாளும் தமிழில் வருகின்றது. ஜில்லாவை ஆளும் கலெக்டருக்குத் தமிழில் பரீட்சை நடத்தலாம், கடையின் கணக்கைப் பார்ப்பவருக்கு நடத்தலாகாது என்பது பொருந்துமா? நமது கீழ்க்கோர்ட்டுகளில் நியாயாதிபதிகள் தமிழில் தீர்ப்பு எழுதுகின்றனர். ஒருவருடைய உயிரையும் சொத்தையும் நிர்ணயிக்கும் தீர்ப்புக்குப் போதுமான பாஷை, ஓர் இயந்திரத்தின் தேய்மானத்தைக் கணக்கிடப் போதாது என்று சொல்பவர் அதற்குக் காரணம் காட்டட்டும்.

தமிழில் தேர்வெழுதுவோர் தரத்தில் குறைவர் என்பது மூன்றாவது. இது வாதமன்று, அலட்சியம். தரம் என்பது திருத்துவோர் கையிலும் தேர்ச்சி வரம்பிலும் இருப்பது. அவ்விரண்டையும் யாரும் தளர்த்தச் சொல்லவில்லை. எடுத்த எடுப்பில் எல்லா நிலைகளிலும் வேண்டுமென்றும் நாம் வற்புறுத்தவில்லை. முதலில் நுழைவு நிலையான அடிப்படைத் தேர்வில் தமிழுக்கும் பிற இந்திய பாஷைகளுக்கும் இடமளித்து, பலனைக் கண்டு மேலே செல்லட்டும். பாராளுமன்றத்தில் தமிழ்நாட்டுக்காகப் பேச அனுப்பப்பட்டவர்கள், எக்கட்சியினராயினும், இதை ஒரு கோரிக்கையாக எடுத்துச் சென்று பதில் வாங்கி வருவது அவர்கள் கடமை.

டில்லியை நோக்கி விரல் நீட்டும்போது நமது கல்லூரிகளின் குறையையும் கூறியாக வேண்டும். மூன்று வருஷம் வர்த்தகம் படித்துப் பட்டம் பெற்று வரும் இளைஞர்களில் பலர், ஒரு மெய்யான கடையின் மெய்யான கணக்குப் புத்தகத்தை ஒருநாளும் கண்டவரல்லர். ராமன் சோமனுக்குச் சரக்கு விற்றதாகவும், சோமன் அதில் ஒரு பகுதியைத் திருப்பியனுப்பியதாகவும் புத்தகத்தில் கண்ட கற்பனைக் கணக்குகளைப் போட்டுப் பரீட்சையில் தேறுகின்றனர். பிறகு வேலை கேட்டுச் செல்லுமிடத்தில் டேலி தெரியுமா என்ற கேள்வி எழுகின்றது. பட்டம் பெற்றவன் மறுபடியும் பணம் கட்டித் தெருக்கோடியிலுள்ள கணினி மையத்தில் சில மாதம் படிக்கின்றான். மூன்று வருஷப் படிப்பு தராத சாமர்த்தியத்தை மூன்று மாத மையம் தருமானால், கல்லூரி தன்னைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றிருக்கின்றது.

2017-ம் வருஷம் ஜூலை 1-ந் தேதி முதல் சரக்கு சேவை வரி அமுலில் இருக்கின்றது. அதன்பின் வரி வரம்புக்குட்பட்ட சிறு வியாபாரியும், சிறு பட்டறைக்காரரும் காலந்தவறாமல் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவராயினர். திருப்பூரில் பனியன் தைக்கும் சிறு முதலாளி, சிவகாசியில் அச்சகம் வைத்திருப்பவர், ஈரோட்டில் மஞ்சள் வியாபாரம் செய்பவர் ஆகிய யாவரும் இன்று தங்கள் 'ஆடிட்டரை' நம்பியே இருக்கின்றனர். தணிக்கையாளருக்குரிய அப்பெயரை, வரிக்கணக்கு எழுதித் தருவோர் அனைவருக்கும் நமது ஜனங்கள் வழங்கிவிட்டனர். தாம் ஒப்பமிடும் காகிதத்தில் என்ன இருக்கின்றதென்று அறியாமலே ஒப்பமிடுவோர் எத்தனையோ பேர். அபராதம் வந்த பிறகே அவர்கள் விழிக்கின்றனர். இவ்வூர்களில் எல்லாம் கல்லூரிகள் உண்டு. கல்லூரிகளில் வர்த்தக வகுப்புகளும் உண்டு. அவ்வூர் வியாபாரத்துக்கும் அவ்வூர்க் கல்லூரிக்கும் இடையே பாலம் இல்லை. உள்ளூர்க் கூட்டுறவுச் சங்கம், நெசவாளர் சங்கம், சிறு கடைகள் ஆகியவற்றின் கணக்கை, அவற்றின் சம்மதம் பெற்று, மாணாக்கர் ஒரு பருவமேனும் உடனிருந்து எழுதிப் பழகினால் இருபுறத்தாரும் பயனடைவர். பெட்டியடி முறையின் சாரம் அதுவே. அதன் குலக்கட்டை நீக்கி அதன் கைப்பழக்கத்தைக் கல்லூரியில் கொண்டுவர வேண்டும் என்பதே நமது கருத்து.

பட்டயக் கணக்கர் கழகம் 2023-ல் புகுத்திய புதிய திட்டத்தில், அலுவலகப் பயிற்சிக் காலத்தை மூன்று வருஷத்திலிருந்து இரண்டாகக் குறைத்திருக்கின்றது. சொற்ப உதவித்தொகையில் நகரத்தில் தங்கிப் பயிற்சி பெறும் ஏழை மாணாக்கருக்கு ஒரு வருஷச் சுமை குறைகின்றதென்ற அளவில் அது வரவேற்கத்தக்கது. ஆனால் இருந்து பார்த்துக் கற்கும் காலம் குறைந்தால், அக்குறையைக் கல்லூரி நிரப்ப வேண்டும். ஏட்டுப் படிப்போடு நிற்கும் கல்லூரியால் அதை நிரப்ப முடியாது.

இவ்வளவும் திறமையைப் பற்றியது. திறமையினும் பெரியது நாணயம். 2009-ம் வருஷம் ஜனவரி 7-ந் தேதி ஹைதராபாத்தின் சத்யம் கம்பெனியின் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கில் காட்டிய பாங்கு இருப்பில் 5,040 கோடி ரூபாய் இல்லாத பணம் என்று தாமே கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். பாங்கில் பணம் இருக்கின்றதா என்று பார்ப்பது தணிக்கையில் அரிச்சுவடிப் பாடம். அதுவும் உலகப் பெயர் பெற்ற தணிக்கை ஸ்தாபனமொன்றின் இந்தியக் கிளை ஒப்பமிட்ட கணக்கு. 1906-ல் துரைமார் பெயரை நம்பிச் சென்னை கெட்டது. 2009-ல் மறுபடியும் பெயரை நம்பியே பங்குதாரர் கெட்டனர். நூறு வருஷத்தில் சட்டங்கள் மாறின; பெயரைக் கண்டு மயங்கும் வழக்கம் மாறவில்லை.

தணிக்கையாளர் காவல் நாயே தவிர வேட்டை நாய் அல்லர் என்பது 1896-ல் இங்கிலாந்தில் ஒரு பஞ்சாலை வழக்கில் எழுந்த புகழ்பெற்ற சித்தாந்தம். வக்கீல்கள் அதை இன்றும் எடுத்துக் காட்டுவதுண்டு. ஆனால் காவல் நாய் குரைக்கவாவது வேண்டும் என்பதை நமது சட்டம் பின்னரே உணர்ந்தது. 2013-ம் வருஷத்துக் கம்பெனிச் சட்டம், மோசடி நடந்திருக்கின்றதெனத் தணிக்கையாளர் நம்பக் காரணம் இருந்தால், பெருந்தொகை விஷயத்தில் மத்திய சர்க்காருக்கே அவர் தெரிவிக்க வேண்டுமெனக் கடமை விதித்தது. 2018-ல் தணிக்கையாளரை மேற்பார்க்கத் தேசீய நிதி அறிக்கை ஆணையமும் அமைந்தது. இவை நல்ல ஏற்பாடுகளே. ஆயினும் சம்பளம் கொடுக்கும் கம்பெனியின் முகத்துக்கு நேரே, இக்கணக்கில் நான் ஒப்பமிடமாட்டேன் என்று சொல்லும் நெஞ்சுரத்தை எந்தச் சட்டமும் உண்டாக்க இயலாது. அது கல்வியால் வரவேண்டும். சிறைக்குச் சென்ற குற்றத்துக்காகத் தொழில் மறுக்கப்பட்டபோது தளராத ஒரு பெண்மணியின் வரலாற்றை முதல்நாளே கற்பிக்கவேண்டும் என்று மேலே நாம் கூறியது இதன் பொருட்டே.

ராஜீயத் துறையில் உழைக்கும் நமது அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. கணக்கு என்றால் குமாஸ்தா வேலை, மேடைப்பேச்சே தேச சேவை என்ற எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியிருக்கின்றது. சட்டசபையில் வரவு செலவுத் திட்டம் தாக்கலாகும் நாளில் அதைப் புகழ்வோரும் இகழ்வோரும் பலர். அதன் பக்கங்களைப் புரட்டுவோர் சிலரே. வருவாய்ப் பற்றாக்குறை வேறு, நிதிப் பற்றாக்குறை வேறு என்பதையும், கடன் வாங்கிக் கட்டடம் கட்டுவது வேறு, கடன் வாங்கிச் சம்பளம் கொடுப்பது வேறு என்பதையும் பிரித்தறியாதவர் எந்தச் சர்க்காரைக் கண்டித்தாலும் அக்கண்டனம் இலக்கில் தைக்காது. கிராமசபை கூடும் தினங்களில் ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கு ஜனங்கள் முன் வைக்கப்பட வேண்டுமென்பது ஏற்பாடு. வைக்கப்படும் கணக்கை வாசித்து இரண்டு கேள்வி கேட்கக்கூடிய ஒருவர் ஒவ்வோர் ஊரிலும் இருந்தால் அந்த ஏற்பாடு உயிர் பெறும். இல்லையேல் கைதூக்கிக் கலைவதோடு சரி. வர்த்தகம் படித்த பிள்ளை இன்று ஏறக்குறைய ஒவ்வோர் ஊரிலும் இருக்கின்றான். அவன் கற்றது அவன் சம்பளத்துக்கு மட்டுமன்றி அவன் ஊருக்கும் உரியது என்பதை எடுத்துச் சொல்வார் இல்லை. நமது ஊழியர்கள் அவனை அணுகட்டும்.

முடிவாக நாம் வேண்டுவன இவையே. பட்டயக் கணக்கர் பரீட்சையில் ஹிந்திக்கு அளித்த இடம் தமிழுக்கும் அளிக்கப்பட வேண்டும். அதற்கு முன்னேற்பாடாக, தமிழ்நாட்டுச் சர்க்கார் கம்பெனிச் சட்டத்தையும் வரிச் சட்டங்களையும் தெளிந்த தமிழில் வெளியிட்டு, கடைவீதிச் சொற்களையும் பாடநூற் சொற்களையும் ஒருமுகப்படுத்த வேண்டும். கல்லூரிகள் கற்பனைக் கணக்கோடு நில்லாமல் மெய்க் கணக்கைக் கற்பிக்க வேண்டும். வர்த்தகர்கள் தங்கள் ஊர் மாணாக்கருக்குத் தங்கள் கணக்கறையைத் திறந்துவிட வேண்டும். இவற்றில் எதற்கும் பெரும்பணம் தேவையில்லை, மனம் தேவை.

வர்த்தகக் கல்லூரிகளை நோக்கி நமது இளைஞர் திரளாகச் செல்வது நல்லதா என்ற முதற்கேள்விக்கு இப்போது விடை கூறலாம். பிறர் சொல்வதை எழுதிக்கொள்ளும் குமாஸ்தாக்களை மேலும் சில ஆயிரம் பெருக்குவதற்காயின் அது நல்லதன்று. அந்த வேலையைக் கணினியே நாளுக்கு நாள் ஏற்றுக் கொண்டுவருகின்றது. பிறர் பணத்துக்குக் காவலிருந்து, கணக்கில் கண்டதை அஞ்சாமல் உரைக்கும் தணிக்கையாளரையும், தம் ஊர்க் கணக்கைத் தாமே வாசித்துக் கேட்கும் பிரஜைகளையும் உண்டாக்குவதற்காயின், அதனினும் நல்லது வேறில்லை. தன் வரவையும் செலவையும் தானே எழுதிப் பார்க்கத் தெரிந்த தேசமே தன்னைத் தான் ஆளும் தேசமாகும்.